சாய்ந்தே நின்ற பித்தளைச் சேவல்

சரிபார்த்தவை மட்டும்

இந்த அத்தியாயத்தில் வரும் நிகழ்ச்சி எங்கள் திண்டுக்கல்லில் ஏற்கெனவே பல வடிவங்களில் உலவுகிறது. ஒரு வடிவத்தின்படி, பித்தளைச் சேவல் ஒன்றின் வயிற்றில் பொறித்திருந்த எழுத்துகளை நான் படித்து, அது பாண்டியர் காலத்தது என்று அறிவித்தேன். அந்தச் சேவலின் வயிற்றில் எழுத்தே கிடையாது. மற்றொரு வடிவத்தின்படி, அதைக் கையில் எடுத்த நொடியே நான் மயங்கிச் சரிந்தேன். நான் வாழ்நாளில் மயங்கிச் சரிந்தது ஒருமுறைதான். அது பல் பிடுங்கிய இடத்தில்.

ஆகவே, கண்ணால் கண்டவை, கையால் தொட்டவை, காதால் நேரே கேட்டவை ஆகியவற்றை மட்டுமே இங்கே எழுதுகிறேன். பிறர் சொல்லித் தெரிந்தது ஏதேனும் வந்தால், பிறர் சொன்னது என்றே குறிப்பேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். விருந்துகளில் என் பக்கத்து இலையில் உட்காரக்கூடியவர்கள் அவர்கள். சேவலை மாற்றவில்லை.

குறுக்கே நின்ற சேவல்

வெயில் தணியத் தொடங்கிய ஒரு மாலையில் கீர்த்தனா எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி சௌந்தரத்தின் தம்பி மகள். பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநர். அவள் உள்ளே நுழைந்தாலே இருமல் மருந்தின் இனிப்பு மணமும் உடன் நுழையும். அன்று செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பேசத் தொடங்கிவிட்டாள்.

“மாமா, பத்திரிகை அடிச்சாச்சு. மண்டபம் சொல்லியாச்சு. இப்ப ஒரு சேவல் வந்து குறுக்க நிக்கிது. மாப்பிள்ளை எனக்கு அண்ணன் முறையாம்.”

“யார் சொன்னது?”

“பெரியப்பாதான். வேற யாரு.”

சௌந்தரம் அடுக்களையிலிருந்தே கேட்டாள். “சேவல்தானே? அடிச்சுக் கொழம்பு வச்சிர வேண்டியதுதானே?”

“பித்தளைச் சேவல் அத்தை.”

“அதான் எங்கண்ணனுக்கு இன்னும் வேகல.”

கீர்த்தனா சிரிக்கவில்லை. “நானா போயி யாரையும் பாத்துப் புடிக்கல மாமா. நீங்க அம்புட்டுப் பேரும் கூடித்தான் அவரப் பாத்தீக. பேசுங்கன்னீக, பேசுனோம். ஆறு மாசமாப் பேசுறோம். இன்னைக்குப் பெரியப்பா போன் போட்டு, ‘இனிமே அந்தப் பையன் கூப்ட்டா அண்ணேன்னு சொல்லு ஆத்தா’ங்கிறாரு. சொல்ல முடியுமா? நீங்களே சொல்லுங்க.”

முடியாது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

பெட்டி வழக்கம்

எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் குலதெய்வத்துக்குரிய பொருள்கள் ஒரு மரப்பெட்டியில் இருக்கும். மணி, சிறு வாள், சலங்கை, பட்டுத்துண்டு என்று எதுவும் இருக்கலாம். பெட்டி இருக்கும் வீடு பெட்டி வீடு. சிவராத்திரியன்று பெட்டியைத் திறப்பார்கள். வீட்டில் திருமணம் என்றால் முதல் அழைப்பிதழை வைத்து வணங்கவும் திறப்பார்கள். ஒரே தெய்வத்தை வணங்குவோர் பங்காளிகள். பங்காளி வீட்டுப் பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை. அவர்களுக்குள் கொள்வினை கொடுப்பினை கிடையாது.

என் மனைவியின் பிறந்தகத்துப் பெட்டி வீடு ஆத்தூருக்கும் செம்பட்டிக்கும் இடையே ஒரு சிற்றூரில், அவளுடைய பெரியப்பா மகன் மூக்கையாவின் பொறுப்பில் இருக்கிறது; கீர்த்தனா சொன்ன பெரியப்பா இவர்தான். மாப்பிள்ளை அருணின் குடும்பம் ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருப்பது. பெண் பார்க்கும்போதே இரு வீட்டாரும் குலதெய்வத்தின் பெயரை விசாரித்துக்கொண்டார்கள். பெயர்கள் வேறு. ஆகவே எல்லாம் நல்லபடியாக நடந்தது.

பின்னர் மாப்பிள்ளை வீட்டார் முதல் அழைப்பிதழை வைப்பதற்காகத் தங்கள் பெட்டியைத் திறந்தார்கள். உடனிருக்கச் சென்ற மூக்கையா, உள்ளே ஒரு பித்தளைச் சேவலைக் கண்டார். கட்டைவிரல் உயரம். அவருடைய பெட்டியிலும் அதே சேவல் இருக்கிறது. அதே கொண்டை, அதே வால். அங்கே வைத்திருந்த காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார் என்று பிறர் சொன்னார்கள். திருமணத்துக்கு ஒரு மாதமும் முழுதாக இல்லை. பெண்ணின் தகப்பன் தங்கவேல், மூக்கையா உட்காரச் சொன்னால் உட்கார்ந்து, எழச் சொன்னால் எழும் மனிதர். ஆகவே மூக்கையா ஒப்பினால் திருமணம், ஒப்பாவிட்டால் இல்லை.

துளையும் கொடிக்கம்பமும்

இவ்வளவு முக்கியமான பொருளை ஒருவராவது கையில் எடுத்துப் பார்த்தாரா என்று கேட்டேன். இல்லையாம். படம் எடுத்து அனுப்பினார்களாம்.

படத்தைப் பெற்றவர்களுள் முதல்வர் எங்கள் ஊரின் வரலாற்று ஆர்வலர் ஒருவர். ஆர்வம் உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. வரலாறு பற்றித்தான் ஐயம். சேவலைப் பாளையக்காரர் படையொன்றின் கொடிக்கம்ப உச்சி என்று அவர் தீர்மானித்தார். கீழே துளை இருக்கிறது. ஆகவே கம்பத்தில் செருகியது. துளையுள்ளதெல்லாம் கொடிக்கம்பத்தைச் சேர்ந்தது என்றால், என் வீட்டு இட்டலித் தட்டுகளைக் கொண்டு ஒரு படையையே அணிவகுக்கச் செய்யலாம்.

கீர்த்தனாவின் தம்பி படத்தைக் கைப்பேசியிடமே கேட்டான். அது கோழித் தீவனம் விற்கும் இடங்களைக் காட்டியது. எல்லாக் கருத்துகளுள்ளும் இதுவே அடக்கமானது.

இத்தகைய அறிஞர்களோடு எனக்குப் பழக்கம் புதிதன்று. நான் தமிழ் கற்பித்த கல்லூரியில், கண்ணாடிப் பேழை ஒன்றில் பச்சை நிறக் கண்ணாடி மணி ஒன்றைப் பட்டுத்துணியில் கிடத்தியிருந்தார்கள். பழங்காலக் கடல் வணிகத்தில் வந்த மணி என்று பெயர்ப்பலகை கூறியது. வந்த விருந்தினரெல்லாம் குனிந்து பார்த்து வியந்தார்கள். கோப்பதற்குத் துளையில்லாத மணியை முன்னோர் எப்படிக் கோத்து அணிந்தார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அது கோலிச் சோடாக் குண்டு. நான் இதைச் சொன்னபோது, பேழையைப் பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுத்தார்கள். கல்லூரியில் எனக்குக் கிடைத்த ஆய்வுச் சிறப்பு அதுதான்.

வாலைப் பிடித்து இழுத்தவர் யார்?

மூக்கையாவின் பெட்டி வீட்டுக்கு நானும் சௌந்தரமும் சென்றோம். திருநீறும் பழைய சந்தனமும் எலிப்புழுக்கையும் கலந்த வாடை. அவர் குளித்து, ஈர வேட்டியோடு பெட்டியைத் திறந்து, சேவலைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார். அது நிற்கவில்லை. ஒரு விரலி மஞ்சளை எடுத்து அதன் முதுகுக்குப் பின்னே முட்டுக் கொடுத்தார்.

“நம்ம சாமி சாஞ்சுதான் நிக்கும் மாப்ள. அதுதான் அடையாளம்.”

“ஏன் சாய்ந்து நிற்கிறது?”

“அதக் கேக்கப்படாது.”

கேட்காமல் கையில் எடுத்தேன். மயங்கவில்லை. சேவலின் காலடியில் பீடம் இல்லை. கொக்கி போல் வளைந்த ஒரு நாக்கு இருந்தது. நாக்கின் குறுக்கே ஒரு துளை. துளை வட்டமாக இல்லை. ஒரு புறமாகத் தேய்ந்து நீண்டிருந்தது. நாக்கின் அடிப்புறம் கருத்திருந்தது. மார்பின் இறகுக் கோடுகள் கூர்மையாக இருந்தன. வாலின் பின்புறம் மட்டும் கூழாங்கல் போல் வழவழத்திருந்தது.

எனவே மூன்று செய்திகள் உறுதி. இது தனித்து நிற்பதற்காகச் செய்ததன்று, வேறொன்றின் உறுப்பு. ஓர் ஆணியை அச்சாகக் கொண்டு அசைந்தது. நெருப்புக்கு அருகே இருந்தது. நான்காவதாக, யாரோ பன்முறை இதன் வாலைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். ஒரு தெய்வத்தை வாலைப் பிடித்து இழுத்து வழிபட்டதாக நான் எங்கும் படித்ததில்லை.

துளையின் உட்புறத்தைத் துரும்பால் கிளறினேன். சாம்பல் உதிர்ந்தது.

“பாத்தீகளா, திருநீறு!” என்று மூக்கையா கைகூப்பினார்.

“அடுப்புச் சாம்பலாகவும் இருக்கலாம்” என்றேன். சாம்பல் ஒன்றை மட்டும் கொண்டு எதையும் மெய்ப்பிக்க முடியாது. அவருக்கும் முடியாது, எனக்கும் முடியாது.

மூக்கையா தம்முடைய வரலாற்றை எடுத்துரைத்தார். முன்னொரு காலத்தில் அண்ணன் தம்பி இருவர். பாகப்பிரிவினையில் சண்டை. தம்பிக்காரன் ஒரு சேவலை எடுத்துக்கொண்டு மேற்கே போய், சாமியின் பெயரை மாற்றிவிட்டான்.

“பேரு மாறும் மாப்ள. பொருளு மாறாது.”

“இதை உங்களுக்கு யார் சொன்னார்கள்?”

“யாரு சொல்லணும்? பொருளே சொல்லுதே.”

“அண்ணே, போன மாசம் வரைக்கும் இந்தத் தம்பிக்காரன் எங்க இருந்தான்?” என்று சௌந்தரம் கேட்டாள். “நானும் இந்த வீட்டுலதானே பொறந்தேன். எங்கப்பன் இவனப் பத்தி மூச்சுக்கூட விட்டதில்லையே?”

“பொட்டப் புள்ளைகிட்ட எல்லாத்தையும் சொல்லுவாகளா?”

“ஆமா, ஒனக்கு மட்டும் சேவல் கூவிச் சொல்லிருச்சு.”

சில நாள் கழித்துத் திண்டுக்கல்லில் பழைய பித்தளை வாங்கி விற்கும் கடையொன்றில், கைப்பிடிகளும் குமிழ்களும் கிடந்த தகரத்துக்குள் அதே அச்சில் மூன்றாவது சேவல் ஒன்றைக் கண்டேன். இது எதன் உறுப்பு என்று கடைக்காரரைக் கேட்டேன். “பழனிச் சேவல் சார். பூசையில வைங்க, நல்லது” என்றார். எங்கிருந்து வந்தது என்றேன். “எடைக்கு வந்தது சார்” என்றார். பழனியிலிருந்து எடைக்கு வந்த தெய்வம்.

மூக்கையாவைத் தொலைபேசியில் அழைத்து, இத்தகைய சேவல் கடையிலும் கிடைக்கிறது, ஆகவே அது இரண்டு குடும்பங்களுக்கு மட்டும் உரியதன்று என்றேன். அவர் குரல் தழுதழுக்கச் சொன்னார்:

“அப்ப மூணாவது பங்காளி ஒருத்தன் இருந்திருக்கான் மாப்ள. பாவம், வித்துத் தின்னுட்டான்.”

ஒட்டன்சத்திரத்துக் கதவு

கடைசியில் மாப்பிள்ளை வீட்டுச் சேவலையும் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. மூக்கையா தம்முடைய சேவலைத் துண்டில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு எங்களோடு வந்தார். இரண்டையும் அருகருகே வைத்துவிட்டால் பிறகு எவரும் வாய் திறக்க முடியாது என்பது அவருடைய எண்ணம். கீர்த்தனாவும் வந்தாள். மணமாகாத பெண் அந்த வீட்டுக்கு வரக்கூடாது என்று மூக்கையா தடுத்தார். “அண்ணன் வீட்டுக்குத் தங்கச்சி வரக் கூடாதா பெரியப்பா?” என்றாள்.

ஒட்டன்சத்திரத்தில் வெங்காயச் சருகு காற்றில் பறந்துகொண்டிருந்தது. அருணின் வீடு கடைக்குப் பின்புறம். நசுங்கிய தக்காளியின் புளிப்பு வாடை கூடம் வரை வந்தது. அருணின் தாயார் சரசு எங்களை வரவேற்ற முறையில் மரியாதைக்குக் குறைவில்லை, சூட்டுக்கும் குறைவில்லை.

“வாங்க, உக்காருங்க. போன தடவ வெச்ச காப்பி ஆறிப்போச்சுங்க. இந்தத் தடவயாவது குடிச்சுப்போட்டு எங்க பையன் கல்யாணத்த நிறுத்துங்க.”

மூக்கையா காப்பியைக் குடித்தார்.

சரசு தங்கள் பெட்டியைத் திறந்து சேவலை எடுத்து வைத்தார். மூக்கையா முடிச்சை அவிழ்த்துத் தம்முடையதை அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் சாய்ந்தன. எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை; ஒரே வகைப் பொருள்கள்தாம். மூக்கையா நிமிர்ந்து உட்கார்ந்தார். கீர்த்தனா அருணைப் பார்க்கவில்லை; அவள் கைகள் துப்பட்டாவின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தன.

அப்போது காற்றில் கொல்லைக் கதவு படாரென்று அடித்தது. அருண் எழுந்து சென்று, மூலையில் கிடந்த ஒரு கனமான பொருளைக் காலால் தள்ளிக் கதவுக்கு அணை கொடுத்தான். அது பழைய கரித் தேய்ப்புப் பெட்டி. உள்ளே கரி போட்டு, மூடியைச் சாத்தித் துணி தேய்ப்பது. மரக் கைப்பிடி வெடித்திருந்தது. மூடி திறந்துகொள்ளாதிருக்கக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

கம்பியால் ஏன் கட்ட வேண்டும்? மூடியைப் பிடித்துக்கொள்ளும் பூட்டு இல்லாததால். பூட்டு எங்கே?

நான் தரையில் உட்கார்ந்து பெட்டியின் கூரிய முனையைப் பார்த்தேன். அங்கே இரண்டு சிறு காதுகள். இரண்டிலும் துளை. நடுவே வெற்றிடம்.

“தம்பி, ஓர் ஆணி வேண்டும்.”

அருண் காய்கறிப் பெட்டியொன்றிலிருந்து ஆணியைப் பிடுங்கி வந்தான். கம்பியை அவிழ்த்தேன். சரசு வீட்டுச் சேவலை எடுத்து, காதுகளுக்கிடையே நாக்கைச் செருகி, ஆணியைத் தள்ளினேன். சேவல் நேராக நின்றது. அந்த வீட்டில் அது நேராக நின்று எவரும் கண்டதில்லை. மூடியை அழுத்தினேன். கொக்கி மூடியின் விளிம்பைக் கவ்வி, டக் என்றது. வாலைப் பிடித்து இழுத்தேன். மூடி திறந்தது.

மீண்டும் ஒருமுறை சாத்தினேன். டக்.

“அட, இஸ்திரிப் பொட்டிக் கொண்டி” என்றாள் சௌந்தரம். “இதுக்குத்தானா எம் மருமக அண்ணேன்னு கூப்பிடணும்?”

மூக்கையாவின் முகம் கறுத்தது. “ரெண்டும் ஒரே சேவல்தானே? அப்ப ஒரே பொட்டியத்தான் அண்ணன் தம்பி வச்சிருந்தாக.”

“ஒரு பெட்டிக்கு ஒரு கொண்டிதான்” என்றேன். “ஒரே கடையில் குக்கர் வாங்கியவர்களெல்லாம் பங்காளிகள் என்றால், இந்த மாவட்டத்தில் எவருக்கும் திருமணம் நடக்காது.”

“அப்ப நம்மளதையும் மாட்டுங்க. சேருதான்னு பாப்போம்.”

மாட்டினேன். சேரவில்லை. அவர் சேவலின் நாக்கு சற்றே அகலம். காதுகளுக்கிடையே நுழைய மறுத்தது. மூன்று விதமாகத் திருப்பியும் பார்த்தேன். அது வேறொரு பெட்டிக்குச் செய்தது.

மூக்கையா தம் சேவலை என் கையிலிருந்து வாங்கினார். மெதுவாக அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைக் கண்டு நான் அஞ்சினேன்; அஞ்சியது சரியாயிற்று.

“பாத்தீகளா? அவுக சேவல் இஸ்திரிப் பொட்டியில சேந்துருச்சு. அது கொண்டி. நம்மளது சேரல. அப்ப நம்மளது சாமி. ரெண்டும் வேற வேற. நாம பங்காளியே இல்ல!”

இப்படி ஒரு முடிவை வந்தடைய ஒரு மனிதர் எத்தனை படிகளைத் தாண்டிக் குதிக்க வேண்டும் என்று நான் திகைத்தேன். ஒரு செருப்பு ஒருவர் காலுக்குச் சேரவில்லை என்றால் அது செருப்பே அன்று, கிரீடம் என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. திருத்துவதற்காக வாயைத் திறந்தேன். சௌந்தரம் என் முழங்கைக்கு மேலே, சதையுள்ள இடமாகப் பார்த்துக் கிள்ளினாள்.

“செத்த நேரம் வாய மூடிட்டு இருங்க.”

இருந்தேன். கீர்த்தனாவின் கைகள் துப்பட்டாவை விட்டுவிட்டிருந்தன.

ஆனால் சரசு விடவில்லை. “ஏனுங்க, அப்ப எங்க சாமி கொண்டி, உங்க சாமி சாமிங்களா?”

“அப்பிடித்தானேம்மா தெரியுது.”

“இருக்கட்டுங்க. எங்க சாமி நெருப்ப வெச்சாலும் நேரா நிக்குதுங்க. உங்க சாமிக்கு மஞ்சக் கெழங்கு முட்டுக் குடுக்கோணுமாட்ட இருக்குதுங்க.”

அருண் சிரித்துவிட்டு, உடனே இருமினான். மூக்கையா சேவலைத் துண்டில் முடிந்துகொண்டார். கல்யாணத்துக்குத் தமக்கு மறுப்பில்லை என்று கூடத்தைப் பார்த்துப் பொதுவாகச் சொன்னார்.

“பெரியப்பா, இப்ப அவர என்னன்னு கூப்பிட?” என்றாள் கீர்த்தனா.

“ஏங்கன்னு கூப்புடு ஆத்தா” என்றார் அவர், அவளைப் பார்க்காமல்.

குறித்த நாளில் திருமணம் நடந்தது. என் பக்கத்து இலையில் வரலாற்று ஆர்வலர் உட்கார்ந்து, கொடிக்கம்பத்தைப் பற்றி இரண்டாம் முறை சோறு வாங்கும் வரை பேசினார். ஆத்தூர்ப் பக்கத்துச் சேவல் தன் மஞ்சள் கிழங்கில் சாய்ந்தபடி பெட்டிக்குள் இருக்கிறது. ஒட்டன்சத்திரத்துச் சேவலை எவரும் ஆணியிலிருந்து கழற்றவில்லை. தேய்ப்புப் பெட்டியையே கழுவிப் பொட்டு வைத்துப் பூசை அறையில் ஏற்றிவிட்டார்கள். சென்ற முறை சென்றிருந்தபோது கண்டேன். கொல்லைக் கதவுக்கு இப்போது அணை இல்லை. அது அடித்துக்கொண்டே இருக்கிறது.

தெரியாதவை

ஒட்டன்சத்திரத்துச் சேவல் கரித் தேய்ப்புப் பெட்டியின் கொண்டி. இது நானே மாட்டிப் பார்த்தது. ஆத்தூர்ப் பக்கத்துச் சேவலும் அத்தகையதே என்று நான் கருதுகிறேன். ஆனால் அதற்குரிய பெட்டியை நான் காணவில்லை. ஆகவே மெய்ப்பித்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். இவை எந்த ஊரில் வார்த்தவை, எந்த வழியாக இந்தச் சமவெளிக்கு வந்தவை என்பது தெரியாது. அந்தப் பித்தளைக் கடைக்கு மூன்றாவதைக் கொடுத்தவர் யார் என்பதும் தெரியாது.

இரு வீடுகளிலும் சேவலை முதன்முதலில் குலதெய்வத்தின் பெட்டிக்குள் வைத்தவர்கள் யார் என்பது தெரியாது. அவர்கள் அதைத் தெய்வம் என்று வைத்தார்களா, அல்லது கழன்று விழுந்த கொண்டி தொலைந்துவிடாமல் இங்கே இருக்கட்டும், ஆணி கிடைத்ததும் மாட்டிக்கொள்ளலாம் என்று வைத்தார்களா என்பதும் தெரியாது.